2024 டைவிங் ஆண்டு: தோஹாவிலிருந்து பாரிஸ் வரை, மதிப்பெண் தாளைப் பிரித்துப் பேசுவோம்

கணக்கர் | பதிவு 1

பாரிஸ் ஒலிம்பிக்கில் டைவிங் தங்கம் எட்டும் சீனாவுக்கே போனது. 2000 சிட்னியில் சின்க்ரோ (இருவர் ஒரே நேரத்தில் ஒரே டைவைப் போடுவது) சேர்ந்து போட்டிகள் எட்டான பிறகு, எட்டையும் ஒரே நாடு அள்ளியது இதுதான் முதல்முறை. "சீனா குதிச்சா தங்கம், இதுல பேச என்ன இருக்கு" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பேச நிறைய இருக்கிறது. முதலில் எண்கள்.

பெண்கள் 3 மீ சின்க்ரோ: சாங் யானி – சென் யிவென் 337.68, அமெரிக்கா 314.64, பிரிட்டன் 302.28
ஆண்கள் 10 மீ சின்க்ரோ: லியான் ஜுன்ஜியே – யாங் ஹாவ் 490.35, பிரிட்டன் (டாம் டேலி – நோவா வில்லியம்ஸ்) 463.44, கனடா 422.13
பெண்கள் 10 மீ சின்க்ரோ: சென் யூஷி – குவான் ஹோங்சான் 359.10, வட கொரியா 315.90, பிரிட்டன் 304.38
ஆண்கள் 3 மீ சின்க்ரோ: வாங் சோங்யுவான் – லாங் தாவ்யி 446.10, மெக்சிகோ 444.03, பிரிட்டன் 438.15
பெண்கள் 10 மீ: குவான் ஹோங்சான் 425.60, சென் யூஷி 420.70, வட கொரியாவின் கிம் மி-ரே 372.10
ஆண்கள் 3 மீ: ஷியே சியி 543.60, வாங் சோங்யுவான் 530.20, மெக்சிகோவின் ஒஸ்மார் ஒல்வேரா 500.40
பெண்கள் 3 மீ: சென் யிவென் 376.00, ஆஸ்திரேலியாவின் மேடிசன் கீனி 343.10, சாங் யானி 318.75
ஆண்கள் 10 மீ: சாவ் யுவான் 547.50, ஜப்பானின் ரிகுடோ தமாய் 507.65, நோவா வில்லியம்ஸ் 497.35

ஒவ்வொன்றிலும் சீனர் அல்லாத முதல் ஆளுக்கும் தங்கத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கழித்துப் பாருங்கள்: 23.04, 26.91, 43.20, 2.07, 53.50, 43.20, 32.90, 39.85. ஏழில் இருபதுக்கு மேல். ஒன்றே ஒன்றில் இரண்டு சொச்சம். அந்த ஒன்று ஏன் அப்படி, மற்ற ஏழு ஏன் இப்படி என்பதுதான் என் கேள்வி.

---

புதுக்குளம் | பதிவு 2

இந்த 446, 425 எல்லாம் எப்படி வருது? நடுவர் பத்துக்குத்தானே போடுறாங்க? சின்க்ரோவுக்கும் தனிநபருக்கும் ஏன் மொத்தம் இவ்வளவு வித்தியாசம்?

---

பத்துமீட்டர் | பதிவு 3

புதுக்குளம், தனிநபர் போட்டியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஏழு பேர். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அரை அரையாக மதிப்பெண். மேலே உள்ள இரண்டையும் கீழே உள்ள இரண்டையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்கும் மூன்றைக் கூட்டி, டைவின் கடின எண்ணால் (நாம் டிடி என்கிறோமே, அது) பெருக்குவார்கள். டிடி 3.2 உள்ள டைவுக்கு 8.5, 8.5, 9 நின்றால் 26 × 3.2 = 83.20.

பெண்களுக்கு ஐந்து டைவ், ஆண்களுக்கு ஆறு. ஆண்கள் மொத்தம் ஐந்நூறைத் தாண்டுவதற்கு அதுவே முக்கியக் காரணம், டிடியும் கொஞ்சம் கூடுதல்.

சின்க்ரோவில் நடுவர் பதினொரு பேர். மூன்று பேர் ஒரு டைவரை மட்டும் பார்ப்பார்கள், மூன்று பேர் மற்றவரை மட்டும், மீதி ஐந்து பேர் இருவரும் ஒன்றாகப் போகிறார்களா என்பதை மட்டும். முதல் மூன்றில் நடு மதிப்பெண் ஒன்று நிற்கும், அடுத்த மூன்றில் ஒன்று, ஐந்தில் மேல் ஒன்றும் கீழ் ஒன்றும் போய் மூன்று. ஆக ஐந்து மதிப்பெண். அதைக் கூட்டி 0.6-ஆல் பெருக்கி, பிறகு டிடி. 0.6 எதற்கு என்றால், ஐந்து மதிப்பெண்ணை மூன்றின் அளவுக்குக் கொண்டுவர.

இன்னொன்று: சின்க்ரோவில் முதல் இரண்டு சுற்றுக்கும் டிடி 2.0 என்று கட்டாயம். எவ்வளவு கடினமான டைவ் போட்டாலும் 2.0-தான். அதனால் அந்தச் சுற்றுகளில் ஒரு ஜோடிக்கு உச்சமே 60. எல்லாரும் எளிய டைவையே போடுவார்கள், வித்தியாசம் அழகில்தான் வரும்.

டைவ் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் ஆட்டம் பாதி புரிந்துவிடும். முதல் இலக்கம் திசை: 1 முன்னோக்கி, 2 பின்னோக்கி, 3 முன்பார்த்து நின்று பின்பக்கம் சுழல்வது (ரிவர்ஸ்), 4 தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பலகையை நோக்கிச் சுழல்வது (இன்வர்ட்), 5 ட்விஸ்ட் (திருகல்), 6 கைகளில் நின்று புறப்படுவது. 107பி என்றால் முன்னோக்கி, ஏழு அரைக் குட்டிக்கரணம், அதாவது மூன்றரை, பைக் நிலையில். எழுத்து: ஏ நேர், பி பைக் (இடுப்பு மட்டும் மடங்கும், முழங்கால் நேர்), சி டக் (முழங்காலும் மடங்கிச் சுருள்வது), டி எதுவும் கலக்கலாம். 5253பி: ட்விஸ்ட் வகை, பின்னோக்கி, இரண்டரைக் குட்டிக்கரணம், ஒன்றரைத் திருகல், பைக்.

---

கணக்கர் | பதிவு 4

பத்துமீட்டர் சொன்னதை வைத்து இப்போது அந்த 2.07-ஐப் பாருங்கள்.

ஆண்கள் 3 மீ சின்க்ரோவில் டிடி 3.4 உள்ள டைவில், நிற்கும் ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று அரைப் புள்ளி குறைந்தால் இழப்பு 0.5 × 0.6 × 3.4 = 1.02. மெக்சிகோவின் செலாயா – ஒல்வேரா ஜோடி தங்கத்தைத் தவறவிட்டது ஏறக்குறைய இரண்டு அரைப் புள்ளியில். ஆறு சுற்று, சுற்றுக்கு ஐந்து மதிப்பெண், மொத்தம் முப்பது. அதில் டிடி 3.4-க்குக் குறையாத சுற்றுகளில் மூன்று இடத்தில் எட்டுக்குப் பதில் எட்டரை விழுந்திருந்தால் எட்டுத் தங்கம் என்ற பேச்சே கிடையாது.

சீனா எல்லாவற்றிலும் எட்டாத உயரத்தில் இருந்தது என்பவர்கள் இந்தத் தாளை ஒரு தடவை பார்க்கட்டும்.

---

பலகைப்பித்தன் | பதிவு 5

அது 3 மீ பலகையில் நடந்ததில் ஆச்சரியமில்லை. பிளாட்ஃபார்ம் (10 மீ மேடை) என்பது கான்கிரீட். அது உங்களுக்கு எதையும் கொடுக்காது, எதையும் பறிக்காது. ஸ்பிரிங்போர்டு (3 மீ பலகை) இரண்டும் செய்யும்.

பெரிய போட்டிகளில் இருப்பது டூராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் மாக்சிஃப்ளெக்ஸ் பி. அலுமினியம், நீளம் 4.88 மீட்டர், அகலம் 50 செ.மீ, நுனிப் பக்கம் துளைகள் போட்டது. காற்று அதில் வெளியேறுவதால் நுனி வேகமாக அசையும். நடுவில் உருளும் ஃபல்க்ரம் (பலகையை அடியில் தாங்கும் உருளை), பக்கத்தில் காலால் சுற்றும் சக்கரம். ஃபல்க்ரத்தைப் பின்னால் தள்ளினால் பலகை தளர்ந்து ஆழமாக வளையும், மெதுவாகத் திரும்பும். முன்னால் கொண்டுவந்தால் விறைக்கும், வேகமாக உதைக்கும்.

சின்க்ரோவில் இருவருக்கும் தனித்தனிப் பலகை. எடை குறைந்தவர் பலகையைத் தளர்த்தி, கனமானவர் இறுக்கி, இரண்டும் ஒரே நேரத்தில் மேலே வருமாறு பொருத்த வேண்டும். ஒருவர் ஃபல்க்ரத்தை மாற்றினால் மற்றவர் நடையின் தாளமும் மாறும். அதனால்தான் ஜோடிகள் பயிற்சியில் டைவையே போடாமல் வெறும் நடை, ஹர்டில், குதிப்பு என்று மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

தவறு எங்கே நடக்கும்? ஹர்டிலில். ஒற்றைக் காலில் எழும்பி, இரண்டு காலையும் பலகையின் நுனியில் இறக்கும் அந்த நொடி. பலகை ஏற்கெனவே மேலே வந்துகொண்டிருக்கும்போது கால் இறங்கினால் உதை மொட்டையாகிவிடும், உயரம் போச்சு. இறங்கும் இடம் நுனியிலிருந்து பின்னால் போனால் உதை குறையும். ஒரு பக்கமாக இறங்கினால் பலகை முறுக்கும், டைவர் சாய்ந்தபடியே கிளம்புவார். பெண்கள் 3 மீ சின்க்ரோவில் பதக்க இடத்தில் இருந்த ஆஸ்திரேலிய ஜோடிக்குக் கடைசிச் சுற்றில் நடந்தது புறப்பாட்டுச் சறுக்கல்தான். பிரிட்டனுக்கு வெண்கலம் வந்த வழி அது.

அதே ஆண்டு ஏப்ரலில், சாந்-தெனியில் ஒலிம்பிக் டைவிங் நடக்கவிருந்த நீர் அரங்கத்தைத் திறந்துவைத்த அன்று, பிரான்ஸ் அதிபர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரெஞ்சு டைவர் ஒருவர் பலகையில் சறுக்கி முதுகு அடிபட விழுந்தார். உலகம் முழுக்கச் சிரித்தது. ஹர்டிலில் சறுக்கத் தேசிய அணிக்காரரும் விலக்கில்லை என்று எனக்குத் தோன்றியது.

---

புதுக்குளம் | பதிவு 6

ஒரே டைவுக்குப் பலகையிலும் பிளாட்ஃபார்மிலும் டிடி வேற வேறயா?

---

பலகைப்பித்தன் | பதிவு 7

ஆமாம். 407சி 10 மீட்டரில் 3.2, 3 மீட்டரில் 3.4. 207சி மேலே 3.3, கீழே 3.6. 307சி 3.4-ம் 3.5-ம். 109சி 3.7-ம் 3.8-ம். உயரம் குறைந்தால் நேரம் குறைவு, அதே சுழற்சியை அதற்குள் முடிக்க வேண்டும். பலகை தரும் உதையை நம்பித்தான் இவை சாத்தியம்.

---

ஈரத்துண்டு | பதிவு 8

கணக்கர் கேட்டதில் மறுபாதிக்கு வருகிறேன். மற்ற ஏழில் இருபது, நாற்பது புள்ளி எங்கிருந்து வருகிறது? டிடியிலிருந்து வருவது கொஞ்சம். பெருமளவு தண்ணீரில் நுழையும் இடத்திலிருந்து வருகிறது.

குவானின் 10 மீ பட்டியல்: 107பி (3.0), 407சி (3.2), 207சி (3.3), 6243டி (3.2), 5253பி (3.2). கூட்டினால் 15.9. உலகத் தரத்தில் இது ரகசியப் பட்டியல் ஒன்றும் இல்லை. முன்னணியில் உள்ள பெண்கள் பலர் இதையோ இதற்கு அருகிலோதான் போடுகிறார்கள். பாரிஸில் அவர் எடுத்த 425.60-ஐ 15.9-ஆல் வகுத்து மூன்றால் வகுத்தால் சராசரி 8.92. முதல் டைவ் 107பி-க்கு ஏழு நடுவரும் பத்து, 90.00. அதன் பிறகு சராசரி இறங்கியும் ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றது. இதே 15.9 பட்டியலில் சராசரி 7.8 எடுத்தால் 372 வரும். கிம் மி-ரேயின் வெண்கலம் எவ்வளவு? 372.10. ஒரு டைவுக்கு ஒரு புள்ளி சொச்சம் சராசரியில் குறைந்தால் ஐம்பது புள்ளி போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஒரு புள்ளி எங்கே போகிறது என்று படிப்படியாக:

10 மீட்டரிலிருந்து வெறுமனே விழுந்தால் 1.43 வினாடி. எழும்பும் நேரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 1.7. தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல். மூன்றரைக் குட்டிக்கரணம் முடிந்து உடலை நீட்டும்போது மிச்சமிருப்பது ஒரு கண்சிமிட்டல்தான். அதற்குள்:

ஒன்று, கைகள் தலைக்கு மேல் வர வேண்டும். பக்கவாட்டில் சுற்றி வரலாம், முன்பக்கமாகவும் வரலாம். ஆனால் காதோடு ஒட்டிப் பூட்ட வேண்டும். தோள் தளர்ந்தால் தண்ணீர் கையைப் பிரித்துத் தலையில் அடிக்கும்.

இரண்டு, ஒரு கை மற்றொரு கையைப் பற்றி, மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை தட்டையாகத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். விரல் நுனியால் குத்தி நுழைவது பழைய பாணி. தட்டையான உள்ளங்கை தண்ணீரில் ஒரு பள்ளம் திறக்கும், தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் அதே பள்ளத்தின் வழியே போகும். அப்போது எழும் கிழிசல் சத்தத்தை வைத்துத்தான் ரிப் என்ட்ரி என்கிறார்கள்.

மூன்று, நுழைந்த உடனே கைகளைப் பிரித்து வெளிப்பக்கமாகத் தள்ளி, நீருக்கு அடியில் இடுப்பை மடக்கி உருள வேண்டும். கால் இன்னும் மேலே இருக்கும்போது இந்த உருளல் கால்களை நேராகக் கீழே இழுக்கும். சற்றுக் குறைந்தோ அதிகமாகவோ சுழன்ற டைவை இங்கேதான் காப்பாற்றுகிறார்கள். நடுவர் மேலிருந்து பார்ப்பதால் அடியில் நடப்பது கணக்கில் இல்லை. சீன டைவர்கள் இதில் தேர்ந்தவர்கள்.

தவறு எது என்று கேட்டால், சுழற்சி குறைந்து கால் சாய்ந்தாலும், கூடுதலாகச் சுழன்று கால் தாண்டிவிட்டாலும் தெறிக்கும். முன்னோக்கிச் சுழலும் டைவில் கால் தாண்டினால் முதுகுப்பக்கம் தண்ணீரை அறையும்.

துண்டு பற்றியும் ஒரு வரி. ஒவ்வொரு டைவுக்கும் முன் அவர்கள் கையில் வைத்துத் துடைப்பது சாதாரணத் துண்டல்ல, ஷாமி. பிழிந்தால் உடனே மறுபடி உறிஞ்சும். முழங்கால் கீழே ஈரம் இருந்தால் டக்கில் கை வழுக்கும். சுழற்சியின் நடுவே பிடி விட்டால் உடல் திறந்து வேகம் செத்துவிடும்.

---

பத்துமீட்டர் | பதிவு 9

நடுவர் பக்கத்திலிருந்து ஈரத்துண்டுக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். "தெறிப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்" என்ற புகார் பழையது, முழுக்கப் பொய்யும் இல்லை. விதிப்படி புறப்பாடு, உயரம், காற்றில் நிலை, நுழைவு எல்லாம் சேர்ந்தே மதிப்பெண். ஆனால் 8.5-க்கும் 9.5-க்கும் நடுவே ஓடும் ஆட்களில் மனிதக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது தெறிப்புதான். காற்றில் பைக் சற்றுத் திறந்திருப்பதை அந்த வேகத்தில் ஏழு பேரும் பிடிப்பது கடினம். என் கருத்தில் நுழைவுக்கு உரியதைவிடக் கூடுதல் விலை கொடுக்கப்படுகிறது.

வெட்டுகள்: நடையைத் தொடங்கி நின்றுவிட்டு மறுபடி தொடங்கினால் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலிருந்தும் 2 போகும். பலகைக்கு ஆபத்தான நெருக்கத்தில் வந்தால் நடுவர்கள் குறைப்பார்கள். அறிவித்த டைவைப் போடாமல் வேறு போட்டால் பூஜ்யம்.

---

நீள்குளம் | பதிவு 10

டைவிங் மட்டும்தானா? ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. தோஹா உலகப் போட்டி 2024 பிப்ரவரி 2 முதல் 18 வரை. கொரோனாவால் ஃபுகுவோகா 2021-லிருந்து 2023-க்குத் தள்ளிப்போனது, அதன் பின்னால் நின்ற தோஹாவும் நகர்ந்தது. ஒலிம்பிக்குக்கு ஐந்து மாதம் முன்பு உலகப் போட்டி என்றால் முன்னணி நீச்சல்காரர்கள் பலர் வரவில்லை. உச்சத்துக்கு வருவதற்கான உழைப்பு – ஓய்வுச் சுழற்சியை ஒரே ஆண்டில் இரண்டு தடவை ஓட்ட முடியாது என்பது அவர்கள் கணக்கு. சீனாவின் பான் ஷான்லே வந்தார், ரிலேயில் முதல் ஆளாக நீந்திய 100 மீட்டரை 46.80-இல் முடித்து உலகச் சாதனை போட்டார். பாரிஸில் அதையே 46.40 ஆக்கினார்.

டைவிங்கில் கதை வேறு. தோஹா தகுதிப் போட்டியும்கூட, அதனால் ஆட்கள் வந்தே ஆக வேண்டியிருந்தது.

---

பத்துமீட்டர் | பதிவு 11

ஆமாம், அந்தத் தகுதிக் கணக்கைச் சுருக்கமாக: பாரிஸுக்கு மொத்தம் 136 டைவர்கள், ஆண் 68, பெண் 68. சின்க்ரோ ஒவ்வொன்றிலும் எட்டே ஜோடி, நேராக இறுதி. மூன்று ஜோடி ஃபுகுவோகா 2023 பதக்கத்தால், நான்கு தோஹாவால், ஒன்று நடத்தும் நாடான பிரான்சுக்கு. ஒரு நாட்டுக்குத் தனிநபரில் இரண்டே பேர். சீனா மூன்று பேரை அனுப்ப முடிந்திருந்தால் வெண்கலங்களில் சிலவும் போயிருக்கும் என்பது என் ஊகம்.

தோஹாவில் ஆண்கள் 1 மீட்டர் தங்கம் மெக்சிகோவின் ஒல்வேரா. அங்கே 3 மீட்டரில் வாங் தங்கம், ஷியே வெள்ளி, ஒல்வேரா வெண்கலம். பாரிஸில் ஷியே, வாங், ஒல்வேரா. மேடையில் அதே மூவர், முதல் இரண்டு பேர் மட்டும் இடம் மாறினார்கள். தோஹாவுக்குப் பிறகு உலகக் கோப்பை மான்ட்ரியல், பெர்லின், ஏப்ரலில் சியானில் இறுதி. ஒலிம்பிக் ஆண்டில் பட்டியலைச் சோதிக்கிற இடம் இவைதான். புதிய டைவைப் போட்டு, நடுவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, பாரிஸுக்கு வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

---

கரையோரம் | பதிவு 12

நீள்குளம், பாரிஸ் நீச்சல் குளத்தின் ஆழம் பற்றிப் பேசாமல் போகாதீர்கள். லா தெஃபான்ஸ் அரங்கில் தற்காலிகக் குளம், ஆழம் 2.15 மீட்டர். டோக்கியோவில் 3 மீட்டர். ஆண்கள் 100 மீ பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தங்கம் இத்தாலியின் மார்ட்டினெங்கி, 59.03. பெய்ஜிங் 2008-இல் தங்கம் 58.91. பதினாறு ஆண்டு கழித்து அதைவிட மெதுவான தங்கம் என்றால் தண்ணீரைச் சந்தேகிக்கத்தானே வேண்டும்?

---

நீள்குளம் | பதிவு 13

சந்தேகிக்கலாம், ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. காரணம் இது: நீச்சல்காரர் உருவாக்கும் சுழல் கீழே இறங்கி, அடித்தளத்தில் பட்டு, மேலே திரும்பி வரும். ஆழம் குறைவானால் திரும்பி வரும் சுழலில் இன்னும் வலு இருக்கும். திருப்பத்துக்குப் பிறகு நீருக்கடியில் டால்ஃபின் உதை (இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது) போடும்போது, தான் கலக்கிய தண்ணீரிலேயே திரும்பிப் போகிறார். ஓரத் தடங்களில் சுவர் அலை வேறு. அதனால்தான் 3 மீட்டரை விரும்புகிறார்கள்.

ஆனால் அதே குளத்தில் பான் 46.40 உலகச் சாதனை, பாபி ஃபின்க் 1500 மீட்டரில் 14:30.67 உலகச் சாதனை, அமெரிக்காவின் இரண்டு மெட்லி ரிலே சாதனைகள். மொத்தம் நான்கு. டோக்கியோவில் ஆறு. லியோன் மார்ஷான் நான்கு தனிநபர் தங்கம், நான்கிலும் ஒலிம்பிக் சாதனை. குளம் மெதுவானது என்றால் எல்லாரையும் ஒரே அளவு மெதுவாக்கியிருக்க வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் அந்த ஆண்டு யாருமே உச்சத்தில் இல்லை என்பதும் ஒரு காரணம். மார்ட்டினெங்கிக்குப் பின்னால் பீட்டியும் ஃபின்க்கும் சமமாக 59.05. நிக் ஃபின்க், பாபி வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

தாளம் | பதிவு 14

ஆர்ட்டிஸ்டிக் நீச்சலை (இசைக்கு ஏற்ப நீரில் ஆடுவது) யாரும் தொடவில்லை. 2023-இலிருந்து அங்கே மதிப்பெண் முறை தலைகீழாக மாறியது. டைவிங் ஆட்களுக்கு இது புரியும்: பயிற்சியாளர் முன்கூட்டியே ஒரு அட்டை கொடுக்க வேண்டும். எந்த நொடியில் எந்தக் கூறு, கால் நிலைகள் எத்தனை, சுழற்சி எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு. தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர்கள் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அறிவித்த சுழற்சி 360 பாகையில் சற்றுக் குறைந்தாலும் அந்தக் கூற்றின் கடினம் முழுக்க அடிப்படை மதிப்புக்கு இறங்கும். பேஸ் மார்க் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எட்டுப் பேரும் அழகாக ஆடி, ஒருவர் கால் சீக்கிரம் மடங்கினாலும் அணி பதக்கத்திலிருந்து கீழே விழலாம்.

அதனால் உத்தி மாறியது. கடினத்தை உச்சத்துக்கு எழுதிவிட்டுப் பிடிபடுவதா, ஒரு படி குறைத்து எழுதி உறுதியாக எடுப்பதா என்று ஒவ்வொரு அணியும் போட்டிக்குப் போட்டி அட்டையை மாற்றுகிறது. பாரிஸ் டூயட்டில் சீன இரட்டையர் வாங் லியூயி – வாங் சியான்யி 566.4783. பிரிட்டன் 558.5367, நெதர்லாந்து 558.3963. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் 0.1404. ஒரு பேஸ் மார்க் விழுந்தால் போகும் புள்ளியோடு ஒப்பிட்டால் இது தூசு.

அணிப் போட்டியில் ஆண்களையும் சேர்க்கலாம் என்று விதி திறந்தது, ஆனால் பாரிஸில் ஒரு ஆணும் ஆடவில்லை. அது எனக்கு வருத்தம்.

---

கரையோரம் | பதிவு 15

வாட்டர் போலோ இரண்டு வரி: பெண்கள் ஸ்பெயின் 11–9 ஆஸ்திரேலியா, ஆண்கள் செர்பியா 13–11 குரோஷியா. தோஹாவில் தங்கம் வாங்கிய குரோஷியா பாரிஸில் வெள்ளி.

திறந்தவெளி நீச்சல்தான் பேச வேண்டியது. சேன் நதியில் 10 கி.மீ., 1.67 கி.மீ. சுற்று ஆறு. எல்லாரும் கிருமியைப் பற்றியே எழுதினார்கள். ஈ.கோலை 100 மில்லிலிட்டருக்கு 1000-ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. மழை பெய்தால் பாரிஸின் பழைய சாக்கடையில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுவதால் நதிக்கு வழியும். அதைத் தேக்கத்தான் ஆஸ்தர்லிட்ஸ் நிலையம் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். அப்படியும் ஜூலை 30-இல் நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது.

போட்டியைத் தீர்மானித்தது நீரோட்டம். எதிர்நீச்சல் போகும்போது கரைச்சுவரை ஒட்டி நீந்தினால் ஓட்டம் குறைவு, ஆனால் எல்லாரும் அதே ஒடுக்கத்தில் மோதுவார்கள். ஓட்டத்தோடு வரும்போது நடு நதிக்கு வந்துவிட வேண்டும். சுவரோரம் இடம் பிடிக்காதவர் ஒவ்வொரு சுற்றிலும் விலை கொடுத்தார். பெண்களில் நெதர்லாந்தின் வான் ரௌவென்டால், ஆண்களில் ஹங்கேரியின் ராசோவ்ஸ்கி தங்கம். இருவரும் நீண்ட நாள் அனுபவசாலிகள். அது தற்செயல் இல்லை.

---

புதுக்குளம் | பதிவு 16

ஹை டைவிங் ஒலிம்பிக்ல ஏன் இல்ல? தோஹாவுல பழைய துறைமுகத்துல போட்டாங்களே, 27 மீட்டர்.

---

ஈரத்துண்டு | பதிவு 17

பாரிஸ் பட்டியலில் சேர்க்கவில்லை. கோபுரம் தனியாகக் கட்ட வேண்டும், ஆட்களும் குறைவு.

ஆண்கள் 27 மீட்டர், பெண்கள் 20. விழும் வேகம் ஆண்களுக்கு மணிக்கு 83 கி.மீ., பெண்களுக்கு 71, இது எழும்பும் உயரத்தைச் சேர்க்காத கணக்கு. அந்த வேகத்தில் கையால் நுழைந்தால் தோள் தாங்காது. அதனால் கால் முதலில். இதில் ஒரு சிக்கல் உண்டு: கால் முதலில் இறங்க வேண்டுமானால் கடைசி அரைச் சுற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத நிலை வரும். அதற்குத்தான் முடிவில் அரைக் குட்டிக்கரணமும் அரைத் திருகலும் சேர்த்து, கடைசியில் நீரைப் பார்த்தபடி இறங்குகிறார்கள். கீழே மீட்பு நீச்சல்காரர்கள் தயாராக மிதப்பார்கள், டைவர் மேலே வந்து சைகை காட்டும் வரை அருகிலேயே நிற்பார்கள். மேற்பரப்பைக் கையால் அடித்து அலையாக்குவதும் அவர்கள் வேலை. கண்ணாடி போன்ற தண்ணீரில் மேற்பரப்பு எங்கே என்று மேலிருந்து தெரியாது. 10 மீ குளங்களில் அதே காரணத்துக்காகத்தான் நீர்த்தூவல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தோஹா தங்கம் ஆண்களில் பிரிட்டனின் எய்டன் ஹெஸ்லொப், பெண்களில் ஆஸ்திரேலியாவின் ரியானன் இஃப்லாண்ட்.

---

பலகைப்பித்தன் | பதிவு 18

கணக்கரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆண்கள் 10 மீட்டரில் தமாய்க்கும் சாவ் யுவானுக்கும் 39.85 என்று மொத்தமாகப் போட்டுவிட்டீர்கள். அது நியாயமில்லை. தமாய் ஐந்தாவது டைவில் நுழைவைக் கெடுத்தார். அந்த ஒரு டைவில் போனதுதான் பெரும்பகுதி. கடைசி 5255பி-யில் நிமிர்ந்து வெள்ளியைப் பிடித்தார். ஒலிம்பிக் டைவிங்கில் ஜப்பானின் முதல் பதக்கம். அங்கே தெரிவது ஒரு பிசகுதான், ஆறு டைவிலும் பரவிய இடைவெளி இல்லை.

---

கணக்கர் | பதிவு 19

சரியான எதிர்க்கேள்வி, பலகைப்பித்தன். ஆனால் நான் சொல்ல வருவதை அது பலப்படுத்துகிறது. ஆண்கள் 10 மீட்டரில் எல்லாரிடமும் டிடி 3.6 வகை டைவ் இருக்கிறது: 207பி, 5255பி போன்றவை. 3.6 டைவில் சராசரி ஒன்பது எடுத்தால் 97.20, நான்கு எடுத்தால் 43.20. ஒரே டைவில் 54 புள்ளி. ஆறு டைவில் ஒன்று கூடக் கெடாமல் போடுகிறவருக்குத்தான் தங்கம். சாவ் யுவான் லண்டனில் 10 மீ சின்க்ரோ, ரியோவில் 3 மீ, டோக்கியோவிலும் பாரிஸிலும் 10 மீ என்று நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது அப்படித்தான்.

---

புதுக்குளம் | பதிவு 20

கடைசியா ஒண்ணு. குவான் டோக்கியோவுல 466.20, பாரிஸ்ல 425.60. அதே பட்டியல். நாற்பது புள்ளி எப்படிக் குறைஞ்சது? நடுவர் கெடுபிடி கூடிடுச்சா?

---

ஈரத்துண்டு | பதிவு 21

15.9 × 30 = 477. அந்தப் பட்டியலுக்கு உச்சமே அதுதான். டோக்கியோவில் அவர் விட்டது 10.80 மட்டும்: 107பி-யில் 7.50, 207சி-யில் 3.30. மற்ற மூன்றும் 96.00, அதாவது கணக்கில் நின்றவை எல்லாம் பத்து. அப்போது வயது 14. எடை குறைவு, உயரம் குறைவு, டக்கில் சுருண்டால் சிறிய பந்து, சுழற்சி தானாக வேகமெடுக்கும். மூன்று ஆண்டில் உடல் வளர்ந்தது. நீளம் கூடினால் அதே குட்டிக்கரணத்துக்கு அதிக உந்துதல் வேண்டும், உடலைத் திறக்கும் நொடியும் மாறும். பெண் டைவர்கள் பலருக்கு 15–17 வயதில் இது வருகிறது. முதலில் கெடுவது 207சி-தான், நீரைப் பார்க்காமல் பின்னோக்கிக் கிளம்பும் டைவ் என்பதால். அதையெல்லாம் தாண்டி 8.92 சராசரி என்பது டோக்கியோவைவிடக் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

---

பத்துமீட்டர் | பதிவு 22

நடுவர் கெடுபிடி என்று தனியாக எதுவும் இல்லை. பாரிஸிலும் 107பி-க்கு ஏழு நடுவரும் பத்து போட்டார்களே.